வரிசையில் இரண்டாவது ஆள்

கிளிட்டஸ் ஒரு விஷயத்தை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டதாக எனக்கு நினைவே இல்லை. மந்தமானவன் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்கு அடியில் அவனுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. தரைக்கு வந்தால்தான் எல்லாம் கோளாறாகிவிடும். எங்கள் பில்டிங் லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, நாம் மேலே போக வேண்டும் என்பதற்காக மேல் அம்பை அழுத்துவதா, மேலே நிற்கிற லிஃப்ட் கீழே வர வேண்டும் என்பதற்காகக் கீழ் அம்பை அழுத்துவதா என்று யோசிப்பான். நான் போய் அழுத்துகிறவரைக்கும் யோசித்துக்கொண்டே இருப்பான். கடைசியில் இரண்டு பேருமாகப் படியேறிப் போன நாட்களும் உண்டு.

நான் அந்த டைவிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெயர் சரவணகுமார், ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஃபுஜைராவுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற எண்ணெய்க் கப்பல்களுக்கு அடியில் போய் வேலை பார்ப்பதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். அவர்களுக்குப் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கடலைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும் எனக்கும், கடலை விட்டால் வேறு எதுவும் தெரியாத அவனுக்கும் ஒரே ரூம். கம்பெனிக்காரன் யோசித்துத்தான் போட்டிருப்பான் போலும்.

கிளிட்டஸுக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியபட்டணம். சின்ன வயதிலிருந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு அடியில் போய்ச் சிப்பி பறித்தவன். ராஸ் அல் கைமாவில் ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சில் வேலைக்கு வந்தான். ஒருநாள் நடுக்கடலில் அடியில் சுழல்கிற புரொப்பெல்லர் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு லாஞ்ச் நின்றுவிட்டது. இவன் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்து, அறுத்துவிட்டு மேலே வந்தான். பக்கத்துப் படகிலிருந்த எங்கள் கம்பெனி ஆள் இதைப் பார்த்து, அரபியிடம் பேசிக் கூட்டி வந்துவிட்டார். தலைக்கு இரும்புத் தொப்பி, முதுகுக்குப் பின்னால் காற்றுக் குழாய் என்று எல்லாம் மாட்டி முதன்முதலில் இறக்கியபோது, உள்ளே போய் மூச்சைப் பிடித்துக்கொண்டானாம். மேலே இருந்தவர்கள் மைக்கில், "மூச்சு விடு, மூச்சு விடு" என்று கத்தினார்களாம். தண்ணிக்குள்ளே எதற்கு மூச்சு விட வேண்டும் என்பது இவனுக்குப் புரியவில்லை. அப்படிப்பட்டவன் மூன்றே வருடத்தில் கம்பெனியின் நல்ல டைவர்களில் ஒருத்தனாகிவிட்டான்.

ஊரில் ஜெஸ்மி என்று மனைவி. அபிஷா என்று ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை இவனை ஒரே ஒரு லீவில்தான் பார்த்திருக்கிறது, அதுவும் பயந்துபோய் அழுதுகொண்டே பார்த்தது. டைவர் கிரேடில் இருப்பவர்களுக்குக் கம்பெனி ஃபேமிலி விசா கொடுக்கும். அந்த 2005ஆம் வருடம் ஜெஸ்மியின் விசா வேலை நடந்துகொண்டிருந்தது. வீடுகூடப் பார்த்துவைத்துவிட்டான். சாமானே இல்லாத அந்த வீட்டின் ஜன்னலில் பூப்போட்ட திரையை மட்டும் போய்த் தொங்கவிட்டு வந்தான். அதற்குள் எதற்குத் திரை என்று கேட்டேன். "வெளிய நிண்ணு பாக்கியவனுக்கு ஆள் இருக்குண்ணு தெரியணும் அண்ணே" என்றான்.

இனிமேல் சொல்லப்போவது அப்போது எனக்குத் தெரியாது. கிளிட்டஸ் பின்னால் சொன்னதை நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்கும் என்னைப்போல் தலை சுற்றும்.

ஏப்ரல் கடைசி வாரம், கடலில் போயா என்கிற ஒரு பெரிய மிதவையின் சங்கிலியைப் பார்க்க ஆழத்துக்கு இறங்கியிருக்கிறான். ஆழத்தில் வேலை பார்த்தவன் சட்டென்று மேலே வந்துவிடக் கூடாது. நின்று நின்றுதான் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உடம்புக்குள் காற்றுக் குமிழ் கிளம்பி நரம்பைத் தாக்கிவிடும். இவன் ஒழுங்காக நின்றுதான் ஏறினான். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்கு வருமாம், அது வந்துவிட்டது. அன்று சாயங்காலமே இடது கால் மரத்து, நின்றால் நடுங்க ஆரம்பித்தது. என்னவென்று அவனுக்குத் தெரியும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடனே சொல்ல வேண்டும், சொன்னால் சேம்பரில் போடுவார்கள். சேம்பர் என்பது எங்கள் யார்டில் இருக்கும் பெரிய இரும்பு உருளை. ஆளை உள்ளே படுக்கவைத்துக் கதவை மூடி, காற்றழுத்தம் ஏற்றி, ஆக்ஸிஜன் கொடுத்து அந்தக் குமிழைக் கரைப்பார்கள். ஆனால் சேம்பரில் போட்டால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் ஃபிட்னஸ் போகும், ஃபிட்னஸ் போனால் டைவர் கிரேடு போகும். கிரேடு போனால் ஜெஸ்மியின் விசா என்ன ஆகும்? அவன் வாயை மூடிக்கொண்டான்.

காது அடைத்திருக்கிறது என்று சொல்லி அந்த வாரம் முழுக்கத் தனக்குப் பதில் மற்றவர்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டான். டைவருக்கு ஜலதோஷம் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என்னிடம், "ஏசி காத்து காலுல பட்டு மரத்துப் போச்சு அண்ணே" என்றான். நான் ஒரு புத்திசாலி! தினமும் கோடாலித் தைலத்தை எடுத்து அவன் காலில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க, "எரியவே இல்லையே அண்ணே" என்று அதிசயமாகப் பார்த்தான். தைலம் டூப்ளிகேட் என்று கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன்.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் கிரேக்க நாட்டுக்காரர். மிக்காலிஸ் என்று பெயர். கிளிட்டஸ் அவரை மிக்கேல் சார் என்பான், அவன் ஊர்க் கோயிலில் அந்தப் பெயரில் ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், உண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர், மரத்தூண் மாதிரி உடம்பு. கலிம்னோஸ் என்று ஒரு தீவில் பிறந்தவர். கடலுக்கடியில் கடற்பஞ்சு என்று ஒன்று வளருமாம். குளிக்கத் தேய்த்துக்கொள்வார்களே, அந்த ஸ்பாஞ்சு. அதைப் பறிக்கக் கடலில் இறங்குவதுதான் அந்தத் தீவுக்கே பிழைப்பாக இருந்ததாம். பெரிய பதவிக்கு வந்த பிறகும் தண்ணீரில் இறங்குவதை அவர் விடவில்லை. அந்தப் போயா வேலையன்றும் கிளிட்டஸுக்குப் பிறகு தானும் ஒருதடவை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு வந்தார். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மே மாதம் ஒன்றாம் தேதி அவர் எங்களை ஈஸ்டர் விருந்துக்குக் கூப்பிட்டார். யார்டிலேயே விருந்து. கிளிட்டஸுக்குக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, ஈஸ்டர் மார்ச்சிலேயே தீந்தாச்சே? நான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்தேனே?"

"அவங்களுக்கு இன்னைக்காம். கணக்கு வேறயாம்."

"அதெப்படி? அவரு ஒருக்காதானே உயிர்த்தாரு?"

இதை என்னிடம் கேட்டால்? எனக்குப் பங்குனி உத்திரமே காலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் வீட்டு விஷயத்தை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வெயில் தாழ்ந்ததும் போனோம். வாசலிலேயே மிக்காலிஸ் ஒரு கூடையில் சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டைகளுடன் நின்றார். ஆளுக்கொன்று கொடுத்தார். கிளிட்டஸ் அதை வாங்கி, தின்பதா வைத்துக்கொள்வதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் தன் கையிலிருந்த முட்டையால் இவன் முட்டையில் ஓங்கி ஒரு இடி இடித்தார். இவனுடையது நொறுங்கியது. யார் முட்டை உடையவில்லையோ அவருக்கு அதிர்ஷ்டமாம், அவர் சந்தோஷமாகச் சிரித்து இவன் முதுகில் தட்டினார். அப்புறம் குனிந்து இவன் காலைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ரெடியா? காது சரியாகிவிட்டதா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ரெடி சார்" என்றான் இவன். அவர் நகர்ந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, அவரு காதுண்ணு சொன்னாரு, ஆனா காலைப் பாத்தாரு. பாத்தியளா?"

"ஷூ லேஸ் அவுந்திருக்கு, அதைப் பாத்திருப்பாரு. கட்டு" என்றேன்.

மூன்று ஆடுகள். அவற்றின் வயிற்றுக்குள் அரிசியையும் ஈரலையும் அடைத்து, தைத்து, துறைமுகத்துக்கு வெளியே கடை வைத்திருக்கும் பாகிஸ்தான் பட்டாணி ஒருவரின் ரொட்டி அடுப்பில் வைத்து வேகவைத்திருந்தார்கள். எங்கள் கேம்ப் சமையல்காரர் கௌஸ் முகம்மது வாணியம்பாடிக்காரர். அவர் அந்தத் தையலைப் பார்த்துவிட்டு, "பிரியாணிய ஆட்டுக்குள்ள வெச்சு தெச்சா, அது பிரியாணியா ஆஸ்பத்திரியா?" என்று என் காதில் கேட்டார். தின்று பார்த்தார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். மிக்காலிஸ் எங்களுக்கு அவருடைய தீவின் ஈஸ்டரைப் பற்றிச் சொன்னார். மலைமேல் ஏறி நின்று டைனமைட் கொளுத்திப் போடுவார்களாம். தீபாவளி என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் துறைமுகத்தில் வைத்து டைனமைட் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லாமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து மிக்காலிஸின் தீவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒருவரிடம் வயலின். ஒருவரிடம் நீளக் கழுத்து வைத்த தந்தி வாத்தியம். மூன்றாமவர் வைத்திருந்ததைப் பார்த்ததும் கௌஸ் முகம்மது தட்டைக் கீழே வைத்துவிட்டார். முழு ஆட்டுத்தோல். கால் இருந்த இடமெல்லாம் முடிச்சுப் போட்டிருந்தது. அதில் வாய்வைத்து ஊதினார், அது ஆடுபோலவே உப்பியது. அக்குளில் வைத்து அமுக்கினார், குழல் வழியாக ஒரு சத்தம் கிளம்பிற்று பாருங்கள்! நாதஸ்வரமும் குழந்தை அழுகையும் ஒன்றாகக் கிளம்பின மாதிரி. சம்பூனா என்று அதற்குப் பெயராம்.

எங்களுக்கு அந்தப் பாட்டில் எது ஆரம்பம், எது முடிவு என்றே பிடிபடவில்லை. ஒருவர் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் அதையே திரும்பப் பாடுவார்கள். பாடுகிறவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே அவர் கிளாஸை நிரப்புவார். இது கல்யாண வீடா, எழவு வீடா? நாங்கள் எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் ஒரு தடவை தவறான இடத்தில் தட்டினோம். அவர்கள் எங்களைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகத் தலையாட்டினார்கள். சரியான இடத்தில்தான் தட்டினோமோ என்னவோ.

கிளிட்டஸ் மட்டும் தட்டவில்லை. வலது காலில் பாரத்தைப் போட்டு, ஒரு டிரம்மில் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தான். "இது கடல்ல போனவனுக்க பாட்டு அண்ணே" என்று மட்டும் சொன்னான். எப்படித் தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் அப்படித்தான் என்றான்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் கைகோத்து வரிசையாக நின்று ஆட ஆரம்பித்தார்கள். வரிசைக்கு முதல் ஆளாக மிக்காலிஸ். இரண்டாவதாக நின்றவர் அவர் இடது கையைப் பிடித்திருந்தார். முதலில் எல்லோரும் நன்றாகத்தான் ஆடினார்கள், கால்கள் ஒரே மாதிரி போய்வந்தன. திடீரென்று மெட்டு மாறியது. யாரோ மிக்காலிஸின் வலது கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். அவர் அதை ஊன்றினார். அவருடைய கால் நடுங்க ஆரம்பித்தது.

சாதாரண நடுக்கம் இல்லை. தொடையில் ஆரம்பித்து, முழங்கால் வெடவெடத்து, பாதம் தரையில் தட்டித் தட்டி விழுந்தது. அவர் ஓர் அடி வைக்கப் பார்த்தார், முடியவில்லை. முகம் கோணியது. கம்பும் நடுங்கியது. வரிசையில் இருந்த மற்றவர்களோ ஒன்றுமே நடக்காததுபோல் மெட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுத்தோல் கதறியது.

நான் கிளிட்டஸைப் பார்த்தேன். அவன் கண்கள் மிக்காலிஸின் காலிலேயே குத்திட்டு நின்றன. பிறகு அவன் என்னிடம் சொன்னது இது: முதலில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனதாம். தெரிந்துவிட்டது, நாம் நடக்கிறதை ஒளிந்திருந்து பார்த்திருக்கிறார், ஊரைக் கூட்டிவைத்து நம்மைப்போல் நடித்துக் காட்டுகிறார் என்று. ஓடிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தானாம். அப்போது மிக்காலிஸ் முழங்கால் மடிந்து தரையில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து எழப் பார்த்து, மறுபடியும் விழுந்தார். கேலிக்கு ஒருத்தர் இப்படியா விழுவார்? அந்த நொடியில் கிளிட்டஸின் மண்டையில் வேறு கணக்கு ஓடியது. அதே போயா. அதே ஆழம். அன்றைக்கு அவரும் இறங்கினாரே! நமக்கு வந்தது அவருக்கும் வந்திருக்கிறது. கூட இருக்கும் இந்த மடையர்கள் குடிபோதையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

"சேம்பர்! சேம்பர்!" என்று கத்திக்கொண்டு அவன் பாய்ந்தான்.

வரிசையை அறுத்துக்கொண்டு போய், மிக்காலிஸின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அந்த மரத்தூணைத் தோளில் போட்டுக்கொண்டான். அவர் ஏதோ கத்தினார், சிரித்தார், கம்பு எங்கேயோ போய் விழுந்தது. இவன் சேம்பர் இருக்கும் பக்கமாக ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடியில் அவனுடைய இடது கால் மடிந்தது.

இரண்டு பேரும் விழுந்தார்கள். கிளிட்டஸ் எழுந்திருக்கப் பார்த்தான். அவனுடைய தொடை நடுங்கியது, முழங்கால் வெடவெடத்தது, பாதம் தரையில் தட்டித் தட்டி விழுந்தது. கொஞ்சம் முன்னால் மிக்காலிஸ் காட்டிய அதே ஆட்டம், அடி பிசகாமல்.

கிரேக்கர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்தியன் ஆடுகிறான்! நம் ஆட்டத்தை இவன் எங்கே கற்றான்! அவர்கள் சுற்றி நின்று விசிலடித்தார்கள், கைதட்டினார்கள், ஒருவர் காகித நாப்கின்களை அள்ளி அவன் தலையில் தூவினார். வயலின்காரர் அவன் காலுக்குப் பக்கத்திலேயே மண்டிபோட்டு வாசித்தார். சம்பூனாக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நடுவில் கிடந்து கிளிட்டஸ் கத்தியது தமிழில்.

"ஆட்டமில்ல! ஆட்டமில்ல! எனக்க காலும் இப்படித்தான்! ஒரு வாரமா இருக்கு! சாரைச் சேம்பர்ல போடுங்க, எனக்குத் தெரியும், இது அதுதான்! நான் சொல்லல்ல, ஜெஸ்மி விசாவுக்காக நான் ஆருட்டயும் சொல்லல்ல!"

அங்கே இருந்த கிரேக்கர்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரு வாரமாகத் தைலம் தேய்த்த கை எனக்குக் கூசியது. தன் பிழைப்பையே கொண்டுபோய், ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்காக அந்த இரைச்சலில் கொட்டிக்கொண்டிருக்கிறானே பாவி என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மிக்காலிஸின் காதில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். "நோ டான்ஸ் சார்! ரியல்! ஹிஸ் லெக் ரியல்! ஒன் வீக்!"

மிக்காலிஸ் என்னைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே கிளிட்டஸின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன். கையைத் தூக்கினார். வயலின் நின்றது. ஆட்டுத்தோலில் மிச்சமிருந்த காற்று மட்டும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே போயிற்று.

சேம்பரை இயக்குகிறவர் குளச்சல்காரர் நேசையன். விருந்துச் சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து கதவைத் திறந்தார். கிளிட்டஸோ உள்ளே போக மறுத்தான். முதலில் சாரைப் போடுங்கள் என்றான். சாருக்கு ஒன்றும் இல்லையடா, அது டான்ஸ் என்றேன். "டான்ஸுண்ணா எதுக்கு விழணும்?" என்று கேட்டான். மிக்காலிஸ் சட்டையைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்து, கையை நீட்டினார். அப்புறம்தான் கிளிட்டஸ் போனான். நேசையன் கதவை மூடினார். டாக்டர் வந்து ஃபோனில் யார் யாரிடமோ பேசினார். உள்ளே பேசுவது வெளியே கேட்க ஒரு ஸ்பீக்கர் உண்டு. அழுத்தம் ஏறினால் குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறிவிடும். அந்தக் குரலில் மிக்காலிஸ் சொன்னதைத்தான், அவருடைய இங்கிலீஷை எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றி, மைக் வழியாகக் கிளிட்டஸுக்குத் திருப்பிச் சொன்னேன்.

அந்த நடனம் அவர்கள் தீவினுடையது. பழைய காலத்தில் செம்புத் தொப்பி மாட்டிக்கொண்டு கடற்பஞ்சு பறிக்கப் போனவர்களுக்கு, நின்று நின்று ஏற வேண்டும் என்பது தெரியாது. கப்பலில் போனவர்களில் பாதிப்பேர் கால் விளங்காமல் திரும்பி வருவார்களாம். ஊர்க் கல்யாணத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் அந்தக் கால்கள் சும்மா இருக்காது, கம்பை ஊன்றிக்கொண்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள். அதையே ஆட்டமாக்கி, அதற்கொரு மெட்டையும் வைத்துக்கொண்டது அந்தத் தீவு. கடைசியில் முதல் ஆள் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, பழையபடி எழுந்து நன்றாக ஆடுவான். அதோடு ஆட்டம் முடியும்.

"அப்பம் சரியாயிரும், இல்லியா?" என்று கிளிட்டஸ் உள்ளேயிருந்து கேட்டான்.

நான் அதை இங்கிலீஷில் கேட்டேன்.

"கம்பை எறிவது ஆட்டத்தில்தான்" என்றார் மிக்காலிஸ். "என் அப்பா எறியவில்லை."

இதை நான் கிளிட்டஸுக்குத் தமிழில் சொல்லவில்லை. சேம்பர் ஜன்னலில் அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அது முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

தொடர்ந்து பல நாட்கள் அவனைச் சேம்பரில் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் வெளியே வந்ததும் மிக்காலிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்து காட்டு" என்பார். சேம்பர் வாசலிலிருந்து யார்டு கேட்வரைக்கும் நடக்க வேண்டும். இவன் போதும் என்றாலும் கையை விட மாட்டார். முதலில் இழுத்துக்கொண்டு வந்த கால் மெல்ல மெல்லத் தூக்கிவைக்கும் காலாயிற்று. நடுக்கம் நின்றது. ஆனால் விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை, செருப்பு கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இனி தண்ணீரில் இறங்கக் கூடாது.

கிளிட்டஸ் பெட்டியைக் கட்டினான். மிக்காலிஸ் அதை அவிழ்க்கச் சொன்னார். டைவர் கீழே போகும்போது, மேலே படகில் நின்று அவருடைய காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைக் கொடுத்தார். கிரேடு குறைந்தது, ஜெஸ்மியின் விசாவும் நின்றுபோனது. ஒருநாள் போய் அந்த வீட்டின் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் ரூமில் மாட்டினான்.

ஆனால் குழாய் பிடிப்பதில் அவனைப்போல் ஒருத்தன் கிடையாது என்று டைவர்கள் சொல்வார்கள். மேலே வந்து தொப்பியைக் கழற்றி, டீ குடித்து முடிக்கிறவரைக்கும் கையை எடுக்க மாட்டானாம். குளிக்கப் போகிறவன் பின்னாலேயே போய், "ரெண்டு காலுலயும் ஒணர்ச்சி இருக்கா? கிள்ளிப் பாத்தியா?" என்று கேட்பானாம். தொல்லை தாங்கவில்லை என்று திட்டுவார்கள். திட்டிவிட்டு அடுத்த தடவை இறங்கும்போது, குழாயைக் கிளிட்டஸிடமே கொடுங்கள் என்பார்கள்.

அடுத்த வருடம் கிரேக்கர்களின் ஈஸ்டர் கிளிட்டஸின் ஈஸ்டருக்கு ஒரே வாரம் தள்ளி வந்தது. "பரவாயில்ல, கிட்ட வந்துட்டாங்க" என்றான் கிளிட்டஸ். அந்தச் சமயம் ஜெஸ்மியும் அபிஷாவும் விசிட் விசாவில் வந்திருந்தார்கள். எப்படி வந்தது, யார் ஏற்பாடு என்று கேட்டதற்கு மிக்காலிஸ் காதைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். அதே யார்டு, அதே சிவப்பு முட்டை, வயிற்றில் அரிசி அடைத்த ஆடு. கௌஸ் முகம்மது இந்தத் தடவை தையலைத் தானே போட்டிருந்தார்.

மெட்டு மாறுவதற்கு முன்னால் மிக்காலிஸ் வரிசையை நிறுத்தினார். இரண்டாவது ஆளை விலகச் சொன்னார். கிளிட்டஸைப் பார்த்துக் கையை நீட்டினார். எனக்கு ஆடத் தெரியாதே என்றான் இவன். ஆட வேண்டாம், பிடித்துக்கொள், உனக்குத் தெரிந்த வேலைதான் என்றார் அவர். இவன் செருப்பைச் சரியாக மாட்டியிருக்கிறானா என்று குனிந்து பார்த்துக்கொண்டு போய் நின்றான்.

ஆட்டுத்தோல் கதறியது. மிக்காலிஸின் கால் நடுங்கியது. ஜெஸ்மி, "அய்யோ" என்று எழுந்துவிட்டாள். நான் உட்காரச் சொன்னேன், இது ஆட்டம்தான் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது, காரணம் கிளிட்டஸின் முகம். அவன் ஆடவில்லை, பாட்டைக் கேட்கவுமில்லை. கண் முழுக்க மிக்காலிஸின் முழங்காலில் வைத்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் விழுந்தார், இவன் விடவில்லை. எழுந்தார், விழுந்தார். கடைசியில் கம்பை விட்டெறிந்து நிமிர்ந்தார். எல்லோரும் விசிலடித்தார்கள். வரிசை பழையபடி சுழன்றது, வயலின் நின்றது, சம்பூனா முனகி ஓய்ந்தது. ஆளாளுக்குக் கையை விட்டு மேஜைக்குப் போனார்கள்.

கிளிட்டஸ் மட்டும் விடவில்லை.

"முடிந்துவிட்டது, விடு" என்று மிக்காலிஸ் சிரித்தார். கையை இழுத்தார். வரவில்லை.

"கம்பை எறிஞ்சாச்சு, சரி சார்" என்றான் கிளிட்டஸ், தமிழிலேயே. "காலு சரியாச்சாண்ணு எனக்கு எப்படித் தெரியும்? நடந்து காட்டுங்க."

நான் இதை இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தேன். மிக்காலிஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருடைய சிரிப்பு போய்விட்டது, கண் கலங்கிவிட்டது. யார்டு கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். பக்கத்தில் கிளிட்டஸ், அவருடைய ஒவ்வோர் அடியையும் பார்த்துக்கொண்டு. அவனுடைய இடது செருப்பு பாதி வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது, அவனுக்குத் தெரியவில்லை. அபிஷா ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.

"ஆரு ஆரைப் புடிச்சிக்கிட்டுப் போறா அண்ணே?" என்று ஜெஸ்மி என்னிடம் கேட்டாள்.